இரண்டாம் வாயில்

ஓர் அலுவலகத்திற்கு வாயில்கள் இரண்டு. ஒன்று தெருவை நோக்கியது, மற்றொன்று தொலைபேசி. தெருவாயிலில் தொங்கும் பெயர்ப்பலகை தமிழில் இருத்தல் வேண்டுமெனத் தமிழுணர்வாளர் நெடுநாளாய் வற்புறுத்தி வருகின்றனர். தொலைபேசி வாயிலைப் பற்றிப் பேசுவாரோ அரியர். அவ்வாயிலில் வந்து நிற்போரை முதற்கண் எதிர்கொள்வது பெரும்பாலும் மாந்தனல்லன், ஒரு பொறி. அப்பொறிக்குக் கட்டளை இட்டவர் யார்? யார் நலங்கருதி இட்டார்? எம்மொழியில் பேசச் சொன்னார்? இவ்வினாக்களையே இத்திங்கள் எழுப்ப விழைகின்றோம்.

'இபிஏபிஎக்சு' எனப் பணியாளர் வாயில் வழங்கும் அப்பொறியை நாம் அகவிணைப்பகம் என்போம். சில வெளியிணைப்புகளைப் பல மேசைகட்குப் பங்கிட்டுத் தருவதே அதன் அடிப்படைத் தொழில். மேசைதோறும் ஒரு கிளைப்பேசி; ஒவ்வொன்றுக்கும் ஒரு கிளையெண். வந்த அழைப்பை மற்றொரு மேசைக்கு மாற்றலாம். இசையொலியில் காத்திருக்கச் செய்யலாம். ஒருவர் பேசிக்கொண்டிருப்பின் அடுத்தவர்க்கு அழைப்புத் தானே செல்லுமாறு வரிசை அமைக்கலாம். ஆளில்லா மேசையில் ஒலிக்கும் அழைப்பைத் தம் இருக்கையிலிருந்தே ஈர்த்துக்கொள்ளலாம். இரவில் வருவனவற்றைக் காவலர் அறைக்குத் திருப்பலாம். எக்கிளையினின்று வெளியூர் பேசலாம், எதனினின்று பேசலாகாது என வரம்பும் கட்டலாம்.

பழைய இணைப்பகங்களில் கம்பிமுனைகளைச் செருகி இணைத்தவர் மாந்தரே. அமெரிக்காவின் கேன்சசு நகரத்தில் இறுதிக்கடன் தொழில் நடத்திய ஆல்மன் சுட்ரோசர், தமக்கு வரும் அழைப்புகளை இணைப்பாளர் போட்டியாளர்க்குத் திருப்புவதாக ஐயுற்றே ஆளில்லா இணைப்பகத்தைப் புனைந்தார் என்பர். 1891-இல் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1892-இல் இந்தியானா மாநிலத்து லாபோர்ட்டு நகரில் முதல் தன்னியக்க இணைப்பகம் திறக்கப்பெற்றது. ஆயின் ஆளை நீக்கியதால் அவ்வாளின் ஆற்றல் நீங்கிவிட்டதா? இல்லை, அது கட்டளைக்குள் புகுந்துகொண்டது. இருவரை இணைக்கும் இடத்தில் இருப்பவனுக்கே ஆட்சி. இன்று அவ்விடத்தில் இருப்பது கட்டளைத் தொகுப்பு. அதனை எழுதுபவனே வாயிலை ஆள்பவன்.

அக்கட்டளை அமைப்பது மறைகலையன்று. பல பொறிகளில் முதற்கிளைப்பேசியினின்றே மறையெண்ணை அழுத்தி உட்புகுந்து, கையேட்டில் கண்ட குறியெண்களை வரிசையாய் அழுத்தினால் போதும். புதியவற்றில் கணினித் திரையினின்றே செய்யலாம். எண்ணைக் கூட்டத் தெரிந்த எழுத்தர் ஒருவர் சில நாளில் இதனைக் கற்கலாம். ஆயினும் நிகழ்வது என்ன? பொறியைப் பொருத்த வந்தவர் தாமறிந்தவாறு அமைத்துச் செல்கின்றார். கையேடு பேழைக்குள் உறங்குகின்றது. தொழிற்சாலையில் இட்ட மறையெண் மாற்றப்படாமலே கிடக்கின்றது. அவ்வெண்ணை அறிந்த கள்வர், வெளியிருந்தே உட்புகுந்து, அயல்நாடுகட்குப் பேசிக் கட்டணத்தை உரிமையாளர் தலையில் ஏற்றுதல் உலகறிந்த களவு. பூட்டை வாங்கித் திறவுகோலைக் கதவிலேயே விட்டுவைத்தார்க்கு நேர்வது இது.

பொருளிழப்பினும் கொடியது உயிரிழப்பு. அமெரிக்காவின் தெக்குசாசு மாநிலத்து மார்சல் நகரில், 2013-ஆம் ஆண்டுத் திசம்பரில், விடுதி அறையொன்றில் ஒரு பெண் தாக்கப்பெற்றார். ஒன்பது அகவை நிரம்பிய அவர் மகள், கற்பித்தவாறே 911 என்னும் உடனுதவி எண்ணை நான்கு முறை அழுத்தினாள். அழைப்புச் செல்லவே இல்லை. வெளியிணைப்புப் பெற முதலில் மற்றுமோர் ஒன்பதை அழுத்துதல் வேண்டும் என்பது அவ்விடுதிப் பொறிக்கு இட்ட கட்டளை. அக்குழந்தைக்கு அஃது எங்ஙனம் தெரியும்? தாய் இறந்தார். முன்னெண் ஏதுமின்றி உடனுதவி எண்ணை நேரே அழைக்க அகவிணைப்பகங்கள் இடந்தரல் வேண்டுமென அமெரிக்க நாடு 2018-இல் சட்டம் இயற்றியது. 2020 பிப்பிரவரி முதல் புதிதாய்ப் பொருத்தும் பொறிகட்கு அது செல்லுபடியாகின்றது.

நம் நாட்டு விடுதிகளையும் மருத்துவமனைகளையும் பள்ளிகளையும் எண்ணிப் பாருங்கள். வெளியிணைப்புக்குச் சுழியை அழுத்துக என்னும் கட்டளை எங்கும் உண்டு. அறையெண்ணையே கிளையெண்ணாக வைக்குமிடத்து 108, 112 என்னும் அறைகளும் இருத்தல் இயல்பு. அங்கே நள்ளிரவில் நெஞ்சுவலியால் துடிப்பவர்க்காக ஒருவர் 108-ஐ அழுத்தின், மருத்துவ வண்டி வாராது. அடுத்த அறையில் உறங்குபவரே விழித்தெழுவார்! 1-இல் தொடங்கும் கிளையெண்களை விலக்கி, 100, 101, 108, 112 என்பவை சுழியின்றியே வெளிச்செல்லுமாறு கட்டளை இடுதல் சிறுபணி. அச்சிறுபணி செய்யாமை பெருங்கேடு.

இனி மொழிக்கு வருவோம். மாந்தர் வரவேற்பாளர்க்கு மாற்றாகப் பதிவுக்குரல் வந்துள்ளது. ஆங்கிலத்தில் அது நெடிது பேசி, இந்தியில் பேசி, ஈற்றில் "தமிழுக்கு மூன்றை அழுத்தவும்" எனும்போது, எழுத்தறியா முதியவர் அதற்குமுன்னரே பேசியை வைத்துவிடுகின்றார். 1956-ஆம் ஆண்டிலேயே தமிழ் ஆட்சிமொழியெனச் சட்டம் செய்த நாட்டில், தமிழர் தம் மொழியைப் பெற மூன்றாம் எண்வரை காத்திருப்பதா? பொறியைப் பழித்துப் பயனில்லை; பொறிக்குத் தாய்மொழி இல்லை. எக்குரலை முதலில் பதிந்தோமோ அதனையே அது முதலில் ஒலிக்கும். மார்க்கு சுபென்சர் என்பார் 1999-இல் தொடங்கிய 'ஆசுட்டெரிசுக்கு' போன்ற கட்டற்ற மென்பொருள்களில் மொழிக்கொரு குரற்கோவையை வைத்து, வேண்டியதை முதன்மையாக்கலாம்.

தமிழில் பதிந்தால் மட்டும் போதாது. தமிழாகவும் பதிதல் வேண்டும். ஆங்கிலத்தில் 'இருபது', 'ஐந்து' என்னும் இரு சொற்பதிவுகளை ஒட்டினால் எண் முற்றுப்பெறும். தமிழிலோ அது புணர்ந்து 'இருபத்தைந்து' ஆகும். ஆங்கில முறையில் கட்டிய பொறி 'இருபது ஐந்து' எனச் சொல்லக் கேட்கும் மாணவன் இலக்கணத்தை எங்குக் கற்பான்? ஒன்றுமுதல் தொண்ணூற்றொன்பதுவரை எண்களைத் தனித்தனியே பதிந்துவிட்டால் இக்குறை பெரிதும் தீரும். ஒரு மாலைப்பொழுதின் வேலை! 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது' என ஆங்கிலத்தைப் பெயர்த்துரைப்பதினும், 'வணக்கம், சற்றுப் பொறுங்கள், இதோ வருகின்றோம்' என்பது நம் வாயிலில் நின்று நாம் சொல்லும் சொல்லன்றோ?

ஆதலின் அன்பர்களே! அலுவலகமோ கடையோ பள்ளியோ நடத்துவோர், கையேட்டை இன்றே வெளியில் எடுங்கள். மறையெண்ணை மாற்றுங்கள். உடனுதவி எண்களுக்கு வழி திறந்து, ஒவ்வொரு கிளையினின்றும் அவ்வழி உண்மையில் திறந்துள்ளதா என உரிய துறையினர்க்கு முன்னறிவித்து ஆய்ந்து பாருங்கள். இட்ட கட்டளைகளையெல்லாம் தமிழில் ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். பொருத்தியவர் போன பின்னும் பொறி உங்களுடையதாக இருத்தல் வேண்டும். இனிய தமிழ்க்குரல் ஒன்றைத் தேடி, வரவேற்பின் முதலிடத்தில் பதியுங்கள். பொறி பிறர் ஆக்கியதாகுக. அதற்கிடும் கட்டளை நம்முடையதாகுக!