குறைந்த வாடகையின் நிஜ விலை

தொழிற்சாலையில் தயாராகும் புது கார் தானாக ஓடி ஷோரூமுக்கு வருவதில்லை. அப்படி ஓட்டி வந்தால் மீட்டரில் நூற்றுக்கணக்கான மைல் ஏறிவிடும். பிறகு அதைப் புது கார் என்று யார் வாங்குவார்கள்? அமெரிக்காவில் புது கார்களில் பெரும்பகுதி நெடுந்தூரத்தை ரயிலில் கடக்கிறது. ஆனால் ரயில் ஷோரூம் வாசலுக்கு வராது. தண்டவாளம் முடியும் இடத்திலிருந்து வாசல் வரை கொண்டு போவது, மேலும் கீழும் கார்களை அடுக்கிச் செல்லும் அந்த நீளமான லாரிதான்.

அந்த லாரித் தொழிலில் பெரிய பெயர் ஜாக் கூப்பர். 1928ல் கன்சாஸ் சிட்டியில் தொடங்கிய நிறுவனம். 2025 ஜனவரியில் கடையை மூடுவதாக அறிவித்தது. ஃபோர்டு கான்ட்ராக்ட் கையை விட்டுப் போனது, ஜெனரல் மோட்டார்ஸுடன் பேச்சு படியவில்லை. அவ்வளவுதான். இரண்டு வாடிக்கையாளர்கள் போனதும் 97 வருட நிறுவனம் போய்விட்டது. சுமார் 2500 பேருக்கு வேலை இல்லை.

"வியாபாரம் என்றால் அப்படித்தான். கட்டுப்படியாகிற விலைக்கு ஓட்ட முடியாதவன் ஒதுங்கிக்கொள்ள வேண்டியதுதான்" என்று சொல்லிவிடலாம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தத் தொழிலின் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால், ஒதுங்கியது திறமையில்லாதவன்தானா என்ற சந்தேகம் வருகிறது.

முதலில் அந்த லாரியையே எடுத்துக்கொள்வோம். சாதாரண லாரி இன்று சிமெண்ட் ஏற்றும், நாளை பருத்தி ஏற்றும். ஒரு முதலாளி வாடகையைக் குறைத்தால் இன்னொருவரிடம் போகலாம். கார் ஏற்றும் லாரிக்கு அந்த வசதி இல்லை. ஹைட்ராலிக் தட்டுகளோடு கார் ஏற்றுவதற்கென்றே செய்யப்பட்டது, வேறு சரக்கு அதில் நிற்காது. ஷோரூமில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது பெரும்பாலும் காலியாகத்தான் வர வேண்டும்.

இப்போது ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு டிரிப்புக்கு லாரிக் கடன், இன்ஷூரன்ஸ், யார்டு வாடகை என்று நிலையான செலவு 600 டாலர். இது லாரி ஓடினாலும் உண்டு, நின்றாலும் உண்டு. டீசல், டிரைவர் சம்பளம் என்று மாறும் செலவு 900 டாலர். மொத்தம் 1500. கார் கம்பெனி 1200 டாலர்தான் தருவேன் என்கிறது. முடியாது என்றால் 600 நஷ்டம். சரி என்றால் 300 நஷ்டம். எதைச் செய்வார்கள்? சரி என்றுதான் சொல்வார்கள். அடுத்த முறை 1100 என்றாலும் அதே பதில்தான் வரும். பி.காம். முதல் வருடப் புத்தகத்தில் இருக்கும் கணக்குதான் இது. ஒவ்வொரு டிரிப்பாகப் பார்த்தால் சரியான முடிவு. ஆனால் வருடக்கணக்கில் அப்படியே ஓட்டினால், பழைய லாரியை மாற்றப் பணம் இருக்காது, கடன் மட்டும் இருக்கும்.

வாங்குபவர் பக்கம் என்ன நிலை? மொத்தச் சரக்கையும் கையில் வைத்திருப்பது விரல் விட்டு எண்ணக்கூடிய கார் கம்பெனிகள். லாரி நிறுவனங்களோ ஏராளம். டெண்டர் விட்டால் யாராவது ஒருவர் குறைத்துக் கேட்கத்தான் செய்வார். லாரி பத்து வருடம் உழைக்கும், கான்ட்ராக்ட் அத்தனை வருடத்துக்கு உத்தரவாதம் தருவதில்லை.

இதோடு சேர்ந்தது சரக்கின் ஏற்ற இறக்கம். அமெரிக்காவில் 2007ல் சுமார் 1 கோடியே 61 லட்சம் புது வண்டிகள் விற்றன. 2009ல் அது சுமார் 1 கோடியே 4 லட்சமாக விழுந்தது. 2016ல் 1 கோடியே 75 லட்சம். சிப் தட்டுப்பாடு வந்த பிறகு, 2022ல் மறுபடியும் 1 கோடியே 40 லட்சத்துக்குக் கீழே. கார் கம்பெனி உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளலாம். லாரிக்காரர் தவணையைக் குறைத்துக்கொள்ள முடியுமா?

வண்டிகள் பெரிதாகிக்கொண்டே போவது இன்னொரு இடி. அங்கே லாரியின் மொத்த எடை, பொதுவாக 80,000 பவுண்டைத் தாண்டக் கூடாது. சின்ன கார்கள் ஒன்பது ஏறிய இடத்தில் பெரிய பிக்கப், எஸ்.யு.வி. என்றால் ஏழு ஏறலாம். வாடகை ஒரு காருக்கு இவ்வளவு என்று பேசப்படும்போது, அதே தூரத்துக்கு அதே டீசலை எரித்துவிட்டு வருமானம் மட்டும் குறைகிறது.

இது ஒரு நிறுவனத்தின் துரதிர்ஷ்டம் என்று சொல்ல முடியாதபடி வரலாறும் இருக்கிறது. இந்தத் துறையில் பெரியதாக இருந்த அலைட் நிறுவனம் 2005ல் திவால் பாதுகாப்பு கேட்டது. தொழிலாளர்கள் சம்பளத்தில் விட்டுக்கொடுத்த பிறகு 2007ல் மீண்டு வந்தது. 2012ல் மறுபடியும் திவால். பெர்ஃபார்மன்ஸ் டிரான்ஸ்போர்ட்டேஷன் என்ற இன்னொரு பெரிய நிறுவனம் 2008ல் மூடப்பட்டது. 2013ல் அலைடின் சொத்துக்களைச் சுமார் 13 கோடியே 50 லட்சம் டாலருக்கு வாங்கியது யார் தெரியுமா? இதே ஜாக் கூப்பர்தான்! அந்த ஜாக் கூப்பரே 2019ல் திவால் நீதிமன்றத்துக்குப் போய் மீண்டு, 2025ல் ஒரேயடியாக மூடியது. நீரில் மூழ்குகிறவரை இன்னொரு மூழ்குகிறவர் காப்பாற்றப் போன கதை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஜாக் கூப்பர் ஏராளமான கடனைத் தலையில் ஏற்றிக்கொண்டிருந்தது. டீம்ஸ்டர்ஸ் தொழிற்சங்க ஒப்பந்தப்படி அதற்கு இருந்த சம்பள, பென்ஷன் பொறுப்புகள், சங்கம் இல்லாத போட்டியாளர்களுக்குக் கிடையாது. நிர்வாகத்தின் தவறுகளை யாரும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் முதலாளியும் நிர்வாகமும் மாறி மாறி வந்தும் முடிவு ஒன்றாகவே இருந்தால், பிழை ஆளிடம் மட்டும் இல்லை, ஏற்பாட்டிலும் இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

சரி, வாடகை குறைந்ததால் கார் வாங்குகிறவருக்காவது லாபமா? அமெரிக்காவில் புது காரின் விலைச் சீட்டில் "கொண்டு சேர்க்கும் கட்டணம்" என்று தனியாக ஒரு வரி இருக்கும். அதில் பேரம் பேச முடியாது. அந்தக் கட்டணம் வருடா வருடம் ஏறி, பல கார்களுக்கு ஆயிரம் டாலரைத் தாண்டி, பெரிய பிக்கப்களுக்கு இரண்டாயிரத்தையும் தாண்டிவிட்டது. ரயில் செலவும் அதில் அடக்கம்தான். இருந்தாலும், வாங்குகிறவர் தரும் தொகை ஏறிக்கொண்டிருக்க, கொண்டு வந்து சேர்க்கிறவர் கட்டுப்படியாகாமல் மூடுகிறார் என்றால் அந்த வாதம் நிற்கவில்லை.

பெரிதாக ஒன்றுசேர்ந்தால் தப்பிக்கலாம் என்று ஒரு யோசனை சொல்லப்படுகிறது. ஐந்து நிறுவனங்களைச் சேர்த்து உருவான புரஃபிஷியன்ட் ஆட்டோ லாஜிஸ்டிக்ஸ் 2024 மே மாதம் பங்குச் சந்தைக்கு வந்தது. அதே வருடம், கான்ட்ராக்ட் இல்லாமல் அவ்வப்போது பேசி எடுக்கும் வேலைகள் சுருங்கியபோது அதுவும் அடி வாங்கியது. அளவு மட்டுமே மருந்து இல்லை.

தேவை வேறு விதமான கான்ட்ராக்ட். ஒரு குறைந்தபட்ச எண்ணிக்கை கார்களுக்காவது கார் கம்பெனி பொறுப்பேற்க வேண்டும். அதற்குக் கீழே போனால் நிலையான செலவில் ஒரு பங்கைத் தர வேண்டும். ஒப்பந்தக் காலம் லாரிக் கடனின் காலத்துக்கு அருகிலாவது இருக்க வேண்டும். வாடகையைக் காருக்கு இவ்வளவு என்று மட்டும் பேசாமல், ஏற்றும் வண்டியின் எடையையும் நீளத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். லாரி நிறுவனங்களும் இரண்டு வாடிக்கையாளர்களை நம்பி ஆயிரக்கணக்கான குடும்பங்களை நிறுத்தக் கூடாது. இதனால் டெண்டர் விலை கொஞ்சம் ஏறும். ஏறட்டுமே!

ஜாக் கூப்பர் மூடிய பிறகும் கார்கள் ஷோரூமுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கின்றன, வேறு லாரிகளில். அதனால் எதுவுமே நடக்காதது போலத் தெரியும். டெண்டரில் மிச்சம் பிடித்த தொகை கார் கம்பெனியின் கணக்கில் லாபமாக ஏறும். இருபது, முப்பது வருடம் லாரி ஓட்டிய ஒரு டிரைவர் ஐம்பது வயதுக்கு மேல் புது இடத்தில் முதல் நாளிலிருந்து தொடங்குவது யாருடைய கணக்கிலும் ஏறாது. அந்தச் செலவையும் சேர்த்துக் கூட்டினால்தான் அது குறைந்த வாடகையா இல்லையா என்பது தெரியும்.