மொரேனா என்னும் சொல்

ஒரு சொல்லின் பொருளை அகராதி கூறும். அதைச் சொல்பவரின் மனத்தையும் கூறுமா? ஸ்பானிய, போர்த்துக்கீசிய மொழிகளில் வழங்கும் ‘மொரேனா’ என்னும் பெயரடையைக் கற்கும்போது நமக்கு இந்த ஐயம் எழுகிறது.

ஆணைக் குறித்தால் ‘மொரேனோ’, பெண்ணைக் குறித்தால் ‘மொரேனா’. 711ஆம் ஆண்டில் வட ஆப்பிரிக்காவிலிருந்து ஸ்பெயினுக்குள் புகுந்த மூர் இனத்தாரின் பெயரே இச்சொல்லுக்கு வேர். கருமை கலந்த பழுப்பு என்பது இதன் அடிப்படைப் பொருள். பழுப்புச் சர்க்கரைக்கும் ஸ்பானியர் இந்த அடைமொழியையே இடுகின்றனர்.

ஆனால் வழக்கு அத்துடன் நின்றுவிடவில்லை. ஸ்பெயினில் வெள்ளை மேனியுடைய பெண்ணும் கருங்கூந்தல் உடையவளானால் மொரேனாவே. ஸ்பானிய மொழியில் ‘இரு’ என்பதற்கு ‘செர்’, ‘எஸ்தார்’ என இரு வினைகள் உண்டு. செர் சேர்ந்தால் இயற்கை நிறம். எஸ்தார் சேர்ந்தால் வெயிலில் கறுத்த நிறம். மெக்சிகோ மக்களோ குவாதலூப்பே அன்னையையே ‘லா மொரேனித்தா’ என்று அழைக்கின்றனர். கருநிறச் செல்வி என்று கொஞ்சும் அழைப்பு அது. அங்கே நிறம் குறையன்று; உறவு!

பிரேசிலில் இதே சொல்லுக்கு வேறொரு முகமும் உண்டு. 1888இல்தான் அங்கு அடிமை முறை ஒழிந்தது. 1976இல் அரசு நடத்திய ஆய்வில், தம் நிறத்தைத் தம் சொல்லாலேயே கூறுமாறு மக்களைக் கேட்டனர். நூற்றுக்கும் மேற்பட்ட நிறப்பெயர்கள் வந்தன! வெளிர் மொரேனா, கரு மொரேனா எனப் பலவற்றில் இச்சொல்லே ஒட்டிக்கொண்டிருந்தது. கறுப்பு என்று சொல்லக் கூசிய நாவுகளுக்கு மொரேனா ஒரு திரையாயிற்று. கறுப்பரை மொரேனா என்பதே மரியாதை என்று எண்ணுவோர் அங்கு உண்டு. ‘எங்கள் நிறத்தை ஏன் மறைக்க வேண்டும்?’ என்று கறுப்பின இயக்கத்தார் கேட்பது நியாயமன்றோ?

இனிய சொல்லால் அழைத்துவிட்டால் அன்பு செய்துவிட்டதாக நாம் எண்ணிவிடுகிறோம். மறைக்க வேண்டிய குறையாகக் கருமையை நினைத்துக்கொண்டு சொல்லும் இன்சொல்லில் அன்பு ஏது? தாயின் வாயில் மொரேனா தாலாட்டு. கூசுபவர் வாயில் அது போர்வை. எழுத்து ஒன்றே, பொருள் இரண்டு.

ஆகவே தோழியரே, பிறமொழிச் சொல்லைக் கற்கும்போது அது யார் வாயில், யாரை நோக்கி வழங்குகிறது என்பதையும் சேர்த்துக் கற்போம். நிறத்தை நிறமாகவே கூசாமல் சொல்லக் கற்ற நாவே நல்ல நாவு என்பது நம் கருத்து.