முனகும் மொறிஸ் மைனர்

புதுக்குடியிருப்பிலிருந்து அன்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். தந்தையார் விட்டுச்சென்ற மொறிஸ் மைனர், காலையில் இரண்டு முனகல் முனகி ஓய்ந்துவிடுகிறதாம். ஸ்ராட்டரையே மாற்றவேண்டும் என்கிறது கராஜ். பற்றரிதான் குற்றவாளி என்கிறான் படிக்கும் மகன். விற்றுவிடுங்கள் என்கிறார் இல்லத்தரசி.

தீர்ப்புக்கு முன் விசாரணை நடக்கட்டும். கியரை விடுவித்து, கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, மாலையிருளில் முன்விளக்குகளை ஏற்றியபடி ஸ்ராட்டரை இயக்குங்கள். மகன் எதிரே அல்ல, பக்கத்தே நின்று ஒளியைக் கவனிக்கட்டும்.

ஒளி மிகவும் மங்கினால் முதலில் பற்றரியையே ஐயுற வேண்டும். அதன் முனைகளிற் பூத்த வெண்பொடியைச் சுரண்டி, இறுக்கிப் பாருங்கள். கியர்ப்பெட்டியையும் வண்டியுடலையும் இணைக்கும் கேபிளையும் மறவாதீர்கள். பலர் மறப்பது அதைத்தான். அயலவரின் நல்ல பற்றரியைப் பூட்டியும் ஒளி மங்கி, மோட்டார் சோம்பலாகவே சுழன்றால், மகனின் கட்சி தோற்றது. உள்ளே புஷ் தேய்ந்து, சுழலும் ஆமேச்சர் ஒருபுறம் சாய்ந்து உராய்கிறது எனக் கொள்ளலாம். (பழைய மைனரில் பற்றரியின் நேர்முனையே உடலோடு சேர்ந்திருக்கும். மாற்றிப் பூட்டிவிடாதீர்கள்!)

ஒளி சற்றும் மங்காமல் மோட்டாரும் ஊமையாயிருந்தால், அதனூடே மின்சாரம் பாயவில்லை. சுவிச்சையும் கேபிளையும் சோதித்தபின், மோட்டாரின் உடலை மரக்கட்டையால் மெல்லத் தட்டுங்கள். உடனே உயிர்பெற்றால், உள்ளேயுள்ள கரித்துண்டுகள் தேய்ந்திருக்கின்றன. அவற்றை மட்டும் மாற்றினால் போதும்; முழு மோட்டாருக்குப் பணம் கொடுப்பானேன்?

மோட்டார் விர்ரெனச் சுழன்றும் இயந்திரம் அசையாவிடின், பற்சக்கரம் வன்னிப் புழுதியில் இறுகியிருக்கக் கூடும். மண்ணெண்ணெயாற் கழுவி உலரவிடுக. எண்ணெய் பூசினால் புழுதி மீண்டும் ஒட்டும்.

1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் உருவான இவ்வண்டிகள் வன்னியிற் பட்ட பாடு கொஞ்சமா? 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில், சில துளி பெற்றோலாற் கிளப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டினோம். குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆகவே நெடுநேரம் சுழற்றவேண்டும். அன்று பட்ட அடியும் அந்த ஸ்ராட்டரில் இருக்கலாம்.

இன்னொரு சோதனையும் உண்டு. வண்டியின் முன்புறத் துளையிற் கைப்பிடியைச் செருகிச் சுழற்றுங்கள். உடனே கிளம்பினால் இயந்திரம் நலமே. விற்பனைப் பேச்சை நிறுத்திவைக்கலாம். ஆனால் பெருவிரலை மற்ற விரல்களோடு சேர்த்தே வையுங்கள். கைப்பிடி திருப்பி உதைத்தால் மணிக்கட்டு முறியும்.