திறவுகோல் நம் கையில் இருக்கட்டும்

முந்தைய தலைமுறையினரின் வீடுகளில் மரப்பெட்டகம் ஒன்று இருக்கும். வீட்டுப் பத்திரமும் நகையும் அதனுள் அடங்கும். அதன் திறவுகோல் குடும்பத் தலைவியின் இடுப்பில் தொங்கும். இன்று நம் சேமிப்பும் சான்றிதழும் மடலும் கணினிக்குள் குடிபுகுந்துவிட்டன. திறவுகோல்கள் கடவுச்சொற்களாக மாறிவிட்டன. ஆயின், அவற்றைக் காக்கும் கலையை நாம் இன்னும் கற்றோமில்லை.

நம்மில் பலர் ஒரே சொல்லை எல்லா இடங்களிலும் இடுகின்றோம். ஓரிடத்தில் அது களவுபோனால், திருடர் அதனையே வங்கிக் கணக்கிலும் மின்னஞ்சலிலும் இட்டுப் பார்ப்பர். இடத்திற்கொரு சொல் வேண்டும். ஆனால் ஐம்பது சொற்களை நெஞ்சில் நிறுத்துதல் எவர்க்கும் அரிது. இக்குறை தீர்க்க வந்ததே கடவுச்சொல் பெட்டகம் என்னும் மென்பொருள்.

எதனைத் தேர்வது? கல்லூரியில் லினக்ஸ், வீட்டில் விண்டோஸ், நாளைய பணியிடத்தில் மேக் என வாழும் மாணவர்க்கு, மூன்றிலும் திறக்கும் பெட்டகமே பயன்தரும். அது எவரிடம் இருக்கிறது என்பதும் எண்ணத்தக்கது. 2022ஆம் ஆண்டில் லாஸ்ட்பாஸ் நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளரின் பெட்டகப் படிகளே களவாடப்பட்டன. அவை மறையாக்கம் செய்யப்பட்டிருந்தும், எளிய முதன்மைச் சொல் வைத்திருந்தோர் அஞ்ச நேர்ந்தது.

ஆதலின், கீபாஸ்எக்ஸ்சி போன்றதொன்றே ஏற்றது என்பது என் கருத்து. 2003இல் டொமினிக் ரைக்ல் விண்டோஸுக்கென வெளியிட்ட கீபாஸின் வழியில் வந்து, 2016இல் தனிக்கிளையாய்த் தோன்றியது அது. விலையில்லை, மூலநிரலை எவரும் படிக்கலாம். பெட்டகம் ஒற்றைக் கோப்பாக நம் கணினியிலேயே இருக்கும். அதற்குப் படியெடுத்து வைக்கும் பொறுப்பும் நம்முடையதே. வேறோர் இடத்தில் இன்னொரு படி இல்லாவிடின், வன்தட்டு பழுதாகும் நாளில் அனைத்தும் போகும்.

முதன்மைச் சொல் எத்தகையதாதல் வேண்டும்? தமிழ் பயில்வோர் மனப்பாடமான செய்யுளடி ஒன்றை வைக்க விழைவர். அது தவறு, நாமறிந்த அடியைப் பிறரும் அறிவர். 7776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து பகடை உருட்டி ஆறு சொற்களை எடுத்தல் நன்று. அவ்வாறு அமையக்கூடிய தொடர்களின் எண்ணிக்கை, 2இன் பின் 23 சுழியங்கள் இட்ட எண்ணையும் விஞ்சும்.

இறுதியாகப் பெரியோர்க்கு ஒரு சொல். முதன்மைச் சொல்லை மறந்தால் மீட்டுத்தர எவராலும் இயலாது. குடும்பத் தலைவர் திடீரென மறைந்தால், வங்கிக் கணக்கும் காப்புறுதியும் எங்குள்ளன என்றறியாமல் மனைவி மக்கள் அலைவர். எனவே அச்சொல்லைத் தாளில் எழுதி உறையிலிட்டு, வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் சொல்லியும் வையுங்கள். தாளில் எழுதலாகாது என்பார் உளர். ஆயின், தொலைதூரத்துத் திருடன் நம் வீட்டு மரப்பெட்டகத்தைத் திறக்க மாட்டான்.

பூட்டத் தெரிந்தால் மட்டும் போதாது; உரியவர் திறக்க வழி வைப்பதே முழுமையான காவல்.