சாம்பல் சத்தைத் தேர்ந்தெடுப்பது யார்?

மேற்கு வங்கத்தின் ஹூக்ளி, பூர்வ வர்த்தமான், பாங்குரா, மேற்கு மேதினிபூர் மாவட்டங்களில் ஆமன் நெல் அறுவடையான கையோடு உருளைக்கிழங்கு நடவு தொடங்கிவிடுகிறது. நவம்பரின் சில வாரங்களுக்குள் விதைக்கிழங்கும் உரமும் கையில் இருந்தாக வேண்டும். அந்த வாரங்களில்தான் 10:26:26 காம்ப்ளக்ஸ் மூட்டை கடைகளிலிருந்து மறைகிறது. அச்சிட்ட விலைக்கு மேல் பணம் தருவோருக்கு மட்டும் கிடங்கிலிருந்து வெளிவருகிறது. கேட்காத நானோ யூரியா பாட்டிலையும் சேர்த்து வாங்கினால்தான் மூட்டை என்ற கட்டாயம் வேறு.

இந்த மூட்டைக்கு ஏன் இத்தனை கிராக்கி? மேற்கு வங்கத்தில் உருளைக்கு ஹெக்டேருக்கு 200 கிலோ தழைச்சத்தும், 150 கிலோ மணிச்சத்தும், 150 கிலோ சாம்பல் சத்தும் பரிந்துரைக்கப்படுகின்றன. 10:26:26 பதினொன்றரை மூட்டை போட்டால் பின்னிரண்டும் ஒரே தடவையில் நிறைவேறுகின்றன. ஆனால் டிஏபி ஆறரை மூட்டையும் மியூரியேட் ஆப் பொட்டாஷ் ஐந்து மூட்டையும் கலந்து போட்டாலும் அதே சத்துகள் அதே அளவில் கிடைக்கும். 2022ஆம் ஆண்டின் அச்சிட்ட விலைகளின்படி இரண்டு வழிக்கும் செலவு ஏறத்தாழ 17,000 ரூபாய்தான். ஆகவே கள்ளச் சந்தையிலிருந்து தப்பிக்க விவசாயிக்கு வழி உண்டு, டிஏபி கிடைத்தால்! கோதுமையும் கடுகும் விதைக்கப்படும் அதே பருவத்தில் டிஏபிக்கும் வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது.

எந்தப் பொட்டாஷ் என்ற கேள்வியும் உண்டு. மியூரியேட்டில் 60 சதவீதம் சாம்பல் சத்து இருக்கிறது. கூடவே குளோரைடும் இருக்கிறது. குளோரைடு மிகுந்தால் கிழங்கின் உலர்பொருளும் மாவுச்சத்தும் குறையும். ஐரோப்பாவில் நடவுக்குப் பல மாதங்கள் முன்பே அதனை இட்டு, குளிர்கால மழையில் குளோரைடு கரைந்துபோக விடுகிறார்கள். நெல்லுக்கும் கிழங்குக்கும் இடையே சில நாட்களே உள்ள வங்க வயலில், மழையும் இல்லாத நேரத்தில், அது நடக்காது. சமையலுக்குப் போகும் ஜோதி ரகத்திற்கு மியூரியேட்டே போதும். வறுவல் ஆலைக்குப் போகும் கிழங்குக்கும், உப்பேறிய மண்ணுக்கும் சல்பேட் ஆப் பொட்டாஷ் ஏற்றது. அதில் 50 சதவீதம் சாம்பல் சத்தோடு கந்தகமும் உண்டு. ஆனால் ஊட்டச்சத்து அடிப்படையிலான மானியப் பட்டியலில் சல்பேட்டுக்கு இடமில்லை. ஒப்பந்த நிறுவனம் உலர்பொருளைக் கேட்கும். அதற்கான கூடுதல் செலவை விவசாயி சுமப்பான்.

மியூரியேட்டுக்கான மானியமும் கரைக்கப்பட்டுவிட்டது. 2022 கரீப் பருவத்தில் ஒரு கிலோ சாம்பல் சத்துக்கு ஒன்றிய அரசு அளித்தது 25 ரூபாய் 31 காசு. 2023-24 ரபியில் அது 2 ரூபாய் 38 காசாக வெட்டப்பட்டது; 2024 கரீபிலும் அதே தொகை. 50 கிலோ மூட்டையில் 30 கிலோ சத்து உள்ளது. எனவே மூட்டைக்கு 759 ரூபாயாக இருந்த மானியம் 71 ரூபாயாகிவிட்டது. உலகச் சந்தையில் விலை இறங்கிவிட்டது என்பது அரசின் விளக்கம். இறங்கியது உண்மை. 2022இல் இந்தியா டன்னுக்கு 590 டாலர் தந்து வாங்கியது. ஆனால் அந்தச் சரிவு மானியச் செலவைக் குறைக்கப் பயன்பட்ட அளவுக்கு மூட்டையின் விலையைக் குறைக்கப் பயன்படவில்லை.

2010 ஏப்ரலில் இந்த மானிய முறை வந்தபோது, யூரியாவை வெளியே வைத்துவிட்டு, மற்ற உரங்களின் விலையை நிர்ணயிக்கும் உரிமை கம்பெனிகளிடம் விடப்பட்டது. அதன் விளைவை நிலத்தில் காணலாம். 4:2:1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டிய தழை, மணி, சாம்பல் சத்துப் பயன்பாடு 2022-23இல் 11.8:4.6:1 ஆகிவிட்டது. விவசாயிக்கு அறிவில்லை என்று இதற்கு விரிவுரை நடத்துவது வேளாண் அதிகாரிகளின் வழக்கம். மலிவாக எது வைக்கப்பட்டதோ அதையே அவன் வாங்கினான். மண்ணிலிருந்து எடுக்கப்பட்டது மண்ணுக்குத் திரும்பாததைப் பற்றி லீபிக் எழுதியவற்றை மார்க்ஸ் ஊன்றிப் படித்தது வீணல்ல. நெல்லின் சாம்பல் சத்தில் பெரும்பகுதி வைக்கோலில் இருக்கிறது. வைக்கோல் வயலை விட்டுப் போனால் அதுவும் போகிறது.

பொட்டாஷுக்கு நாடு இறக்குமதியையே நம்பியுள்ளது. 2022 பிப்ரவரியில் லிதுவேனியாவின் கிளைபெடா துறைமுகம் வழியாக பெலாரஸ் பொட்டாஷ் செல்வது தடைப்பட்டது. அடுத்து உக்ரைன் போரும் வந்தது. எங்கோ விதிக்கப்பட்ட தடைகளுக்கு ஹூக்ளி விவசாயியும் விலை கொடுத்தான். ராஜஸ்தானின் நாகௌர்-கங்காநகர் படுகையில் பொட்டாஷ் படிவுகள் உண்டு. அவற்றைக் கரைத்தெடுக்க முடியுமா என ஆராய 2021 ஜனவரியில் பொதுத்துறை நிறுவனங்கள் ஒப்பந்தம் செய்தன. அதைத் தனியாருக்கு ஏலம் விடாமல் பொதுத்துறையிலேயே செய்து முடிக்க வேண்டும். சர்க்கரைப் பாகுக் கழிவிலிருந்து எடுக்கும் பொட்டாஷில் 14.5 சதவீதச் சத்துதான் உண்டு என்றாலும், கரும்புப் பகுதிகளில் அது பயன்படும்.

உடனடிக் கோரிக்கைகள் தெளிவானவை. சாம்பல் சத்து மானியம் 2022ஆம் ஆண்டின் அளவுக்கு மீட்கப்பட வேண்டும். சல்பேட்டும் மானியப் பட்டியலில் சேர்க்கப்பட வேண்டும். மூட்டையோடு வேறு பொருளைக் கட்டி விற்பது தண்டிக்கப்பட வேண்டும். நிலப் பத்திரம் இல்லாத குத்தகை விவசாயிக்கும் கூட்டுறவுச் சங்கம் கடனில் உரம் தர வேண்டும். இன்று கடனுக்கு உரம் தருபவன் கடைக்காரன்தான்; எந்த மூட்டை என்பதையும் அவனே முடிவு செய்கிறான். அக்டோபர் முதல் வாரத்திலேயே ஒவ்வொரு சங்கத்தின் இருப்பையும் விலையையும் பலகையில் எழுதி வைக்கச் செய்யும் வேலையைக் கிராமக் கிளைகள் இப்போதே தொடங்கலாம்.