உடல் ஒருவருடையது, குற்றம் யாருடையது?

ஒருவரின் மனத்தை மற்றொருவர் கைப்பற்றிக் கொலை செய்விக்கும் கதை தமிழ்த் திரைக்குப் புதியதன்று. 2011 தீபாவளிக்கு வெளிவந்த ஏ.ஆர். முருகதாஸின் ‘7ஆம் அறிவு’ படத்தில், சீனாவிலிருந்து வரும் டோங் லீ தன் பார்வையாலேயே வழிப்போக்கர்களை வசப்படுத்திப் பிறர்மீது ஏவுகிறான். 2017இல் சி.வி. குமார் இயக்கிய ‘மாயவன்’ படத்தில், அறிவியலாளர் ஒருவர் தம் நினைவுகளைப் பிறர் மூளைக்குள் செலுத்துகிறார். 2020இல் வந்த ‘பொசெசர்’ என்னும் படம் இதே கருவை மிகக் கொடூரமான காட்சிகளுடன் சொல்கிறது.

குரோம்பேட்டை வெற்றி திரையரங்கில் ‘ஏ’ சான்றிதழ் பெற்ற படத்திற்குச் சிறுவர் சென்றால், வாயிலில் தடுக்க வேண்டியது சட்டப்படி அரங்கினரின் கடமை. கைப்பேசிக்கு அத்தகைய வாயிற்காவலர் இல்லை. 13 வயதுக்கு மேற்பட்டோருக்கான படங்களுக்குப் பெற்றோர் பூட்டிடும் வசதியை இணையத் தளங்கள் தரவேண்டும் என்று 2021இன் தகவல் தொழில்நுட்ப விதிகள் கூறுகின்றன. பூட்டு இருக்கிறது, அதைப் பூட்ட வேண்டியவர்கள் நாம்தாம்.

ஆயினும் இப்படங்களில் நாம் கவனிக்க வேண்டியது குருதி மட்டுமன்று. “அவன் சுயநினைவோடு செய்யவில்லையே, அவனுக்குப் பாவம் உண்டா?” என்று பிள்ளை கேட்டால், “இதையெல்லாம் ஏன் பார்க்கிறாய்?” என்று வாயடைப்பது விடையாகாது. நம் மார்க்கத்தில் அதற்குத் தெளிவான விடை உண்டு. உறங்குபவர், பருவமடையாத சிறுவர், சித்தம் கலங்கியவர் ஆகியோர்மீது பாவம் எழுதப்படுவதில்லை என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. சித்திரவதைக்கு உள்ளாகி, நிராகரிப்பின் சொல்லை நாவால் மட்டும் மொழிந்த அம்மார் (ரலி) அவர்கள் குற்றவாளியாகவில்லை. அவர்களின் உள்ளம் ஈமானில் உறுதியாக இருந்தது. ஆனால், தன்னுயிர் காக்க நிரபராதி ஒருவரைக் கொல்வதற்கு மட்டும் நிர்ப்பந்தத்தைச் சாக்காகக் கூற முடியாது என்பதில் சட்ட அறிஞர்கள் ஒன்றுபட்டுள்ளனர். அறிவு நீங்கிய நிலை வேறு. அறிவிருந்தும் அஞ்சிப் பணிந்த நிலை வேறு.

நம் வாழ்வில் டோங் லீயைச் சந்திக்கப் போவதில்லை. ஆனால் “கோபம் என்னை அப்படிப் பேசவைத்தது”, “நண்பர்கள் இழுத்துச் சென்றார்கள்”, “ஷைத்தான் தூண்டிவிட்டான்” என்னும் சொற்களை நம் வீடுகளில் அன்றாடம் கேட்கிறோம். நம் செயலுக்கு வேறொரு மனத்தைப் பொறுப்பாக்கும் ஆசையே அவற்றில் ஒளிந்திருக்கிறது. சூரா இப்ராஹீமின் 22ஆம் வசனம் அந்த ஆசையை முறியடிக்கிறது. மறுமையில் ஷைத்தானே தன்னைப் பின்பற்றியவர்களைக் கைவிடுகிறான்; தான் அழைத்தது மட்டுமே உண்மை, வற்புறுத்தும் அதிகாரம் தனக்கு இருக்கவில்லை என்கிறான். அழைப்பு வெளியிலிருந்து வரலாம். அதற்கு இசைந்தது நாம்.

எனவே இன்றிரவே பிள்ளைகளின் கைப்பேசியில் அந்தப் பூட்டை இடுவோம். அவர்கள் முன்பே பார்த்துவிட்ட படமாயின், கடிந்துகொள்ளாமல் அருகில் அமர்ந்து, “அந்தக் கொலைக்கு யார் பொறுப்பு?” என்று நாமே கேட்போம். பிறகு, நம் கோபத்திற்கு யார் பொறுப்பு என்று அவர்கள் திருப்பிக் கேட்டால், தயங்காது “நாங்கள்தாம்” என்று சொல்லும் உறுதியை அல்லாஹ் நமக்குத் தருவானாக.