ஒன்றரைச் சங்கிலி தூரம்

மகள் வீட்டுக்கு மிச்சிகன் வந்தால் எனக்கு வேலை என்று பெரிதாக இருக்காது. பேரனைப் பள்ளி பஸ்ஸில் ஏற்றிவிடுவேன், வாசலில் இலை கூட்டுவேன். இந்தத் தடவை மாப்பிள்ளை ஒரு வேலை வைத்திருந்தார். "மாமா, நீங்க சர்வேயரா இருந்தவங்க. தூரம் பாக்குற கருவி ஒண்ணு வாங்கணும், கடைக்குக் கூட வாங்க."

எதற்கென்று கேட்டேன். மான் வேட்டைக்காம். அதுவும் வில்லால்.

நம் ஊரில் 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மானை அடித்தால் ஜெயில். இங்கே லைசென்ஸ் எடுத்துக்கொண்டு அக்டோபர் 1 முதல் நவம்பர் 14 வரை வில்லோடு காட்டில் உட்காரலாம். மறுநாள் துப்பாக்கிக்காரர்களின் சீசன் தொடங்கிவிடும். அலுவலக நண்பர் ஒருவர் இவரைப் பழக்கிவிட்டிருக்கிறார். கறி தன் அடுக்களைக்குள் வரக்கூடாது என்று மகள் கறாராகச் சொல்லிவிட்டாள். அந்தப் பஞ்சாயத்தில் நான் தலையிடவில்லை. ஆனால் தூரம் அளக்கிற விஷயம் என்றால் எனக்குக் கை சும்மா இருக்காது.

வில்லுக்குத் தூரம் எவ்வளவு முக்கியம் என்று அன்றைக்குத்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இப்போதைய காம்பவுண்ட் வில்லில் அம்பு நொடிக்கு 280 அடி வேகத்தில் போகிறது. கேட்கப் பெரிதாக இருந்தாலும் துப்பாக்கிக் குண்டோடு ஒப்பிட்டால் அது மாட்டு வண்டி. 30 கெஜம் என்று நினைத்து விட்ட அம்பு, மான் 40 கெஜத்தில் நின்றால் ஏறக்குறைய 9 அங்குலம் தாழ்ந்து போய்விடும். மானின் நெஞ்சுக்கூட்டில் குறி வைக்க வேண்டிய இடமே அந்த அகலம்தான். தாழ்ந்தால் காலில் படும். அடிபட்ட மான் ராத்திரியெல்லாம் ஓடி எங்கோ விழும். வேட்டை பிடிக்காத எனக்கே அளவு சரியாக இருக்க வேண்டும் என்று தோன்றியது அதனால்தான்.

கடையில் அட்டைப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. 100 டாலரில் ஆரம்பித்து 600 டாலர் வரை போகிறது. பெட்டியின் முகத்தில் 1000, 1500, 2000 கெஜம் என்று கொட்டை எழுத்து. பின்பக்கம் பொடி எழுத்தில்தான் உண்மை இருக்கிறது. அந்த 1000 கெஜம் கண்ணாடி போலப் பளபளக்கும் பொருளுக்கு. மரத்துக்கு அதைவிடக் குறைவு. மானின் ரோமத்துக்கு இன்னும் குறைவு. மாப்பிள்ளை விடப்போகிற அம்போ 40 கெஜம் தாண்டாது. கிரிக்கெட் பிட்ச் 22 கெஜம். நாங்கள் பிடித்து இழுத்த கண்டர் சங்கிலியும் அதே 22 கெஜம்தான், 66 அடி, 100 லிங்க். ஆக, இரண்டு பிட்ச் தூரம்கூட இல்லாத சமாச்சாரத்துக்கு இரண்டாயிரம் கெஜத்துக்குக் காசு அழ வேண்டாம் என்றேன். லேசர் ஒளி 40 கெஜம் போய்த் திரும்ப, ஒரு நொடியைப் பத்து லட்சம் கூறு போட்டால் அதில் கால் கூறுதான் ஆகும். இருப்பதிலேயே மலிவான கருவிகூட அதைப் பிழையில்லாமல் எண்ணிவிடுகிறது.

அப்புறம் வந்தது சாய்வு. 'ஆங்கிள்' வசதி இருக்கிறது, இன்னும் 50 டாலர் என்றான் கடைப் பையன். இதில் எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. பெருமாள்மலைச் சரிவில் சங்கிலியைத் தரையோடு கிடத்தினால் மேலதிகாரி திட்டுவார். மட்டமாகத் தூக்கிப் பிடித்து, தூக்குக் குண்டு விட்டு, படிப்படியாக இறங்க வேண்டும். கணக்கில் ஏறுவது கிடைத் தூரம். சரிவுத் தூரம் அல்ல. அம்புக்கும் அதுதான் கணக்கு. மேலே விட்டாலும் கீழே விட்டாலும், புவியீர்ப்பு அதை இழுப்பது கிடைத் தூரத்துக்குத்தான். 30 டிகிரி சரிவில் கருவி 40 என்று காட்டினால் நீங்கள் குறி வைக்க வேண்டியது முப்பத்து நாலரைக்கு. மலைநாட்டு வேட்டைக்காரருக்கு அந்த 50 டாலர் தண்டம் இல்லை.

மாப்பிள்ளை உட்காரப்போவதோ சமதரைக் காட்டில், 20 அடி உயரப் பரணில். (கம்பங்கொல்லைக் காவலுக்கு நாம் கட்டுகிற அதே பரண், இங்கே இரும்பில் செய்து பட்டையால் மரத்தோடு கட்டிவிடுகிறார்கள்.) 20 கெஜம் தள்ளி நிற்கும் மானுக்கு அங்கிருந்து சாய்வாக அளந்தால் 21 வரும். ஒரே கெஜம். அதற்கு எதற்கு ஐம்பது?

இதைவிட வேடிக்கை, அவர் முன்னமே ஒரு கராஜ் சேலில் 60 டாலருக்குக் கோல்ஃப்காரர்களின் தூரமானி ஒன்றை வாங்கி வைத்திருந்தது. அதிலும் சாய்வு பொத்தான் இருந்தது. ஏரிப் பூங்காவில் ஒரு மேட்டின் அடியில் நின்று மேலே இருந்த பெஞ்சைப் பார்த்தோம். பொத்தானை அணைத்தால் 40. போட்டால் 40-க்கு மேலே போகிறது! பந்தை மேட்டுக்கு அடிக்கக் கூடுதல் பலம் வேண்டும், அதனால் கோல்ஃப் கருவி தூரத்தைக் கூட்டுகிறது. அம்புக்கோ குறைக்க வேண்டும். "நல்லவேளை, இதை நம்பிப் போகலை" என்றார் மாப்பிள்ளை. சாய்வை அணைத்துவிட்டு வைத்துக்கொண்டால் அதுவே போதும் என்றுதான் நான் முதலில் நினைத்தேன்.

மாலையில் வீட்டுப் பின்கட்டில் நின்று பார்த்தபோதுதான் எண்ணம் மாறியது. மான் அதிகம் வெளியே வருவது விடியலிலும் அந்தியிலும்தான். இங்கே சூரியன் மறைந்து அரை மணி நேரம் வரை அம்பு விடச் சட்டம் அனுமதிக்கிறது. அந்த வெளிச்சத்தில் கோல்ஃப் கருவி வழியாக அடிமரத்தைப் பார்த்தால், அதற்குள் தெரிய வேண்டிய கருப்பு எண்கள் சுத்தமாகத் தெரியவில்லை. இன்னொரு குறை, கோல்ஃப் கருவி முதலில் படுகிற பொருளைத்தான் பிடிக்கும், அங்கே கொடிக்கம்பம்தான் முக்கியம் என்பதால். காட்டில் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சுள்ளியைப் பிடித்து 12 என்று சொல்லிவிடும்.

மறுநாள் போய், எண்கள் சிவப்பாக ஒளிர்வதும், சுள்ளியை விட்டுப் பின்னால் நிற்பதைப் பிடிக்க முறை மாற்றிக்கொள்ளக்கூடியதுமான ஒன்றை 150 டாலருக்குள் வாங்கினோம். வில்லிலேயே பொருத்துகிற ரகமும் இருக்கிறது. விலை பல நூறு டாலர், சில மாநிலங்களில் அதற்கு அனுமதியும் இல்லை. அந்தப் பக்கம் திரும்பவில்லை. பொத்தானை அழுத்தும்போது 'டிக்' என்று சத்தம் வருகிறதா என்று மட்டும் காதோரம் வைத்துப் பார்த்தேன். கடைப் பையன் சிரித்தான். மான் சிரிக்காது, ஓடிவிடும்.

மாப்பிள்ளைக்கு ஒரு யோசனையும் சொன்னேன். பரணில் ஏறி உட்கார்ந்ததும் சுற்றி நாலைந்து மரங்களை அளந்து மனதில் வைத்துக்கொண்டால், மான் வந்தபின் கருவியைத் தூக்கி ஆட்டவே வேண்டாம். நாங்கள் கல் நட்டுவிட்டு அளந்ததும் அப்படித்தான்.

பழக்கத்துக்காகப் பின்கட்டு மேப்பிள் மரத்தைக் காட்டி, "எவ்வளவு இருக்கும் மாமா?" என்றார். கண்ணை இடுக்கிப் பார்த்து, "ஒன்றரைச் சங்கிலி. முப்பத்து மூணு கெஜம்" என்றேன்.

கருவி 31 என்றது.

"ரெண்டு கெஜம்தானே மாப்ளே பிசகு" என்றேன்.

"முப்பது வருஷ சர்வீஸ் மாமா" என்றார் அவர், கருவியை உறையில் போட்டுக்கொண்டே.